துண்டை இழுத்த கை

இன்றைக்கு வெடி கிடையாதாம். மைக்செட்டுக்காரன் ஒயரைச் சுற்றிக்கொண்டே போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். அமைச்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து மேடையில் உட்கார்ந்திருந்த உடையப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெடி இல்லாமல் ஒரு தலைவர் எப்படி வருவார், வந்தது எப்படித் தெரியும், பேசிக்கொண்டிருக்கிறவன் எப்போது வாயை மூடுவது. அவர் ஆயுசில் பேசியதெல்லாம் வெடிச் சத்தம் கேட்கிற வரைக்கும்தான். நோட்டீசில் ஆறு மணி என்று போட்டிருப்பார்கள், தலைவர் வர ஒன்பதாகும், பத்தாகும். நடுவில் சும்மா கிடக்கிற அந்தப் பொழுதுக்குத்தான் 'வெண்கலக்குரல்' உடையப்பனைக் கூப்பிடுவார்கள். கூட்டம் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிரிக்க வைக்க வேண்டும், எதிர்க்கட்சிக்காரனை வைய வேண்டும், பெண்கள் பக்கம் திரும்பி ஒரு அடுப்படிக் கதை சொல்ல வேண்டும், கொட்டாவி தெரிந்தால் உசுப்ப வேண்டும். அப்புறம் ஊர் எல்லையில் வெடி வெடிக்கும். பின்னால் நிற்கிற எவனாவது தோளில் கிடக்கிற துண்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பான். அதுதான் வழக்கம். இழுத்தால் நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் நிற்கிறோமோ அந்தச் சொல்லில். மிச்சத்தை முடித்துவிட்டு உட்காருகிறேன் என்றால் மாவட்டச் செயலாளர் முறைப்பார், அடுத்த கூட்டத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். அதனால் உடையப்பன் ஒரு பேச்சைக்கூட முடித்தது கிடையாது. எத்தனை ஊர், எத்தனை திடல், அத்தனையிலும் அவருடைய பாதிப் பேச்சு கூரை போடாத சுவர் மாதிரி நின்றுகொண்டிருக்கிறது. மற்றதெல்லாம் மழையில் கரைந்திருக்கும். ஒன்று மட்டும் கரையவில்லை. அது இதே நெடுங்குளத்தில், இதே வாரச்சந்தைத் திடலில், மேடைக்கு முன்னால் கட்டியிருக்கிற மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. அங்கே பார்க்கக் கூடாது என்று படி ஏறும்போதே நினைத்துக்கொண்டார். நினைத்ததும் பார்த்துவிட்டார். இரண்டு பெண்பிள்ளைகள் மூங்கிலில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாரும் இல்லை. தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது. இன்றைக்கு அதை மறக்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

நிக்கவா, வேண்டாமாண்ணே. நேற்றுக் காலை வீட்டுக்கு வந்து அறவாழி கேட்டது அது. அமைச்சர் அறவாழி. கார் தெருவுக்குள் நுழைய இடமில்லாமல் முக்கில் நிற்க, ஒற்றை ஆளாய் நடந்து வந்து, வாசலில் செருப்பை விட்டுவிட்டு, குனிந்து நுழைந்தான். தலை நரைத்துவிட்டது, குனிகிறது மட்டும் மாறவில்லை. இந்த ஊரில் இளைஞரணிச் செயலாளராய்த் தோளில் கொடிக்கம்பைச் சாய்த்துக்கொண்டு அலைந்தவன். அடுத்த முதலமைச்சர் இவன்தான் என்று இப்போது பத்திரிகைக்காரன் எழுதுகிறான். எழுதினால் விடுவார்களா. பெரியவர் என்று கட்சியில் எல்லோரும் சொல்கிற அந்தத் தலைவருக்கு ஒரு மகன் இருக்கிறான், மகனுக்கு ஒரு நாற்காலி வேண்டும், அந்த நாற்காலிப் பக்கத்தில் அறவாழி நிற்கிறான். அவனை எங்கே தூக்கி வைப்பது. டெல்லியில் நாலைந்து கட்சிகள் சேர்ந்து ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு ஆள் தேடின, பெரியவர் இவன் பேரைச் சொல்லிவிட்டார். ஊரெல்லாம் சுவரொட்டி. டீக்கடையில் ராசு சொன்னான், "ஜனாதிபதின்னா கல்யாண வீட்டுல பெரிய மாமா மாதிரிண்ணே. மொத மாலை அவருக்குத்தான். பந்தியில என்ன பரிமாறணும்னு மட்டும் அவரைக் கேக்க மாட்டாங்க." எல்லோரும் சிரித்தார்கள். உடையப்பனும் சிரித்தார். எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற வேலை, இனி இவன் வாயிலிருந்து சொந்தமாய் ஒரு சொல் வராது, நல்லா வேணும் என்று உள்ளே ஒரு குரல் இனித்தது. அந்த இனிப்பு அடங்குவதற்குள் ஆளே வந்து நிற்கிறான். பெண்டாட்டி அழகம்மை பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். "என்ன தம்பி, இளைச்சுட்டீங்க" என்றாள். மந்திரியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது. "தூக்கம் இல்ல அத்தாச்சி" என்று அவனும் பதில் சொன்னான்.

"பெரியவரு போகச் சொல்றாருண்ணே" என்றான். "சொல்லத்தானே செய்வாரு" என்றார் இவர். "அது தெரியும்ணே." "தெரிஞ்சா எதுக்கு என்கிட்ட வர்றே. டெல்லிக்கு வழி எனக்கா தெரியும்? பொன்னமராவதிக்கு வழி கேட்டாச் சொல்லுவேன்." அவன் சிரிக்கவில்லை. டீத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், ஆடை கட்டுகிற வரைக்கும். அப்புறம்தான் சொன்னான். "அந்த நாற்காலியில உக்காந்தா தூக்குத்தண்டனைக் கைதிங்க கருணை மனு வரும்ணே. இவனை விடலாமா, தொங்க விடலாமான்னு. மந்திரிசபை சொல்றபடிதான் செய்யணும், ஆனா கையெழுத்துப் போடுறது என் கை." வலது கையை நீட்டி, உள்ளங்கையைத் திருப்பி, மடியில் வைத்துக்கொண்டான், அது வேறு யாருடைய கையோ மாதிரி. "அன்னைக்குச் சந்தைத் திடல்ல இந்தக் கை உங்க துண்டை இழுத்துச்சா, இல்லையாண்ணே. யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். சில நேரம் துணி விரல்ல இருக்கு. சில நேரம் நான் மேடையிலயே இல்ல, கீழ கொடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நீங்கதான் முன்னாடி நின்னு பேசினீங்க. உங்களுக்குத் தெரியும்." தெரிந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்க வாயெடுத்தார், அவனே சொல்லிவிட்டான். "இழுத்திருந்தா நிக்கமாட்டேன். தவமணியைக் கொன்ன கை அந்தக் காகிதத்தைத் தொடக்கூடாது. இழுக்கலைன்னா நிக்கிறேன். நாளைக்குத் திடல்ல ஊருக்குச் சொல்லியாகணும். நான் மைக்குக்குப் போறதுக்கு முன்னால நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க." இத்தனை வருஷம் இந்த நிமிஷத்துக்காகத்தானே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். அவன் முகத்துக்கு நேராக, நீதான்டா இழுத்தே, என்று. சுவரிடம் சொல்லியிருக்கிறார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முகம் தெரியாத ஆளிடம் சொல்லியிருக்கிறார், சொல்லாத நாள் கிடையாது. அவன் வந்து கையை நீட்டிக் கேட்கிறபோது வாயில் வந்தது வேறு. "நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

நாளைக்கு என்றது இன்றைக்கு. கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. வேன்களில் வந்து இறங்கினார்கள், குல்லாய் கொடுத்தார்கள், தண்ணீர்ப் பொட்டலம் கொடுத்தார்கள். சுண்டல்காரன் மணியடித்தான். இந்த மணிச் சத்தம் அன்றைக்கும் இருந்தது. இல்லை, அன்றைக்கு இருந்தது தோசைக்கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர் தவமணி கொத்துப் பரோட்டா போடுகிற சத்தம் திடலுக்குக் கேட்கும். அது நின்றால் அவன் கிளம்பிவிட்டான் என்று அர்த்தம். முழங்கை வரைக்கும் மாவு ஒட்டியிருக்க, பனியனோடு ஓடிவந்து அந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். உடையப்பன் பேசுகிற ஊருக்கெல்லாம் சைக்கிளில் வருவான். எல்லாப் பகடியும் அவனுக்கு மனப்பாடம். அதனால் சிரிப்பு வரவேண்டிய இடத்துக்கு ஒரு இம்மி முன்னாலேயே சிரித்துவிடுவான். ஹெ என்று ஒற்றைச் சிரிப்பு. கூட்டம் அவனைப் பார்த்துப் பின்னாலேயே சிரிக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது, என் பகடியை நான் சொல்வதற்குள் இவன் என்ன முந்துவது என்று. போகப்போக அந்தச் சிரிப்பு இல்லாத ஊரில் பேச்சு ஏறவில்லை. அது ஒரு கைத்தாங்கல். கல்யாணம் ஆனதும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினான், அண்ணே இதுதான் என்று. அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னம்மா, இவன் வீட்டிலாவது சிரிப்பு வந்த பிறகு சிரிக்கிறானா என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். அவள் பேர் என்ன. பேர் தெரியாது. கேட்டிருக்க வேண்டும். அவன் செத்தபிறகு அவளைத் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். எந்த ஊருக்கு என்றும் கேட்கவில்லை.

அந்தச் சாயங்காலம் தூறல் இருந்தது. பெரியவரைப் பிடித்து உள்ளே வைத்து, ஜாமீனில் விட்டிருந்தார்கள். ஊர் ஊராய் வந்துகொண்டிருந்தார். அவர் உள்ளே இருந்தபோது இரண்டு ஊரில் இரண்டு பேர் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திக்கொண்டு செத்திருந்தார்கள். அதைப் பற்றிப் பேசாமல் அன்றைக்கு மேடையில் ஒன்றும் பேசமுடியாது. உடையப்பனுக்குத் தெரிந்த ஒரே வித்தை ஏற்றி இறக்குகிறது. திருவிழா ராட்டினம் மாதிரி. ஜனத்தைப் பெட்டியில் உட்கார்த்தி உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும், வயிறு கலங்குகிற உயரத்துக்கு, அங்கே ஒரு நொடி நிறுத்தி, பிறகு சர்ரென்று இறக்க வேண்டும். இறக்கத்தில்தான் சிரிப்பு இருக்கிறது, புத்தி இருக்கிறது. அன்றைக்கும் ஏற்றினார். "தலைவனுக்கு ஒண்ணுன்னா தன்னையே கொளுத்திக்கிறதுக்கு இந்த நெடுங்குளத்துல ஒரு ஆம்பளை இல்லையா?" என்று கேட்டார். திடலே "இருக்கோம்" என்று எழுந்தது. அதற்கு ஒரு இம்மி முன்னால், மூங்கில் பக்கத்திலிருந்து, தனியாக ஒரு "இருக்கேன்." அந்தக் குரல் அவருக்குத் தெரியும். அடுத்து இறக்க வேண்டும். அடப் பைத்தியக்காரா, கொளுத்திக்கிட்டா நாளைக்கு ஓட்டு யார்டா போடுறது, நெருப்பு வைக்கிற இடம் அடுப்பு, வீட்டுக்குப் போய் அதுல உலையை வை, பெண்டாட்டிகூட உக்காந்து தின்னு, தலைவனுக்கு நீ செய்யிற பெரிய உதவி உசுரோட இருக்கிறதுதான். இதுதான் மிச்சம். இதைச் சொல்ல மூச்சை இழுக்கிறார், எல்லையில் வெடி. தோளில் ஒரு இழுப்பு. கழுத்தே பின்னால் போகிற மாதிரி. "வந்துட்டாருண்ணே" என்று அறவாழியின் குரல். தலைவர் வாழ்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தலைவர் பேசிய பிறகு யாரும் பேசக்கூடாது. கூட்டம் கலைந்தது. பெட்டியில் உட்கார்ந்திருந்த எல்லோரும் எப்படியோ அவரவர் வழியில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள், உச்சியில் ஒருத்தன் மட்டும் நின்றுவிட்டான். பெரியவரை அடுத்த ஊரில் மறுபடியும் பிடித்துவிட்டார்கள் என்று விடியற்காலை ரேடியோவில் சொன்னது. தவமணி கொளுத்திக்கொண்டது ஓட்டலுக்குப் பின்னால், விறகு அடுக்கியிருக்கிற இடத்தில். உடையப்பன் போனபோது அறவாழி முன்னாலேயே போய் உடம்புக்குக் கொடி போர்த்திக்கொண்டிருந்தான். கொடி பற்றாமல் கால் வெளியே தெரிந்தது. காலில் மாவு இருந்தது. மாவா, சாம்பலா.

கொடி போர்த்தினவன் கவுன்சிலரானான், எம்.எல்.ஏ. ஆனான், இன்றைக்கு ஜனாதிபதி வரைக்கும் பேர் அடிபடுகிறது. மேடையில் பேசினவன் என்ன ஆனான். நாக்கால் ஒரு உசுரைக் குடித்தவன் என்று எவன் முதலில் சொன்னான் என்று தெரியாது. ராசியில்லாத வாய் என்றார்கள். கூட்டத்துக்குக் கூப்பிடுவது நின்றது. மூன்றாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் பேச்சைத் தவிர என்ன தெரியும். பேருந்து நிலையத்தில் பழம் விற்றார். பழம் விற்கும்போது குரலைத் தாழ்த்தி விற்றார், வெண்கலக்குரல் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று. அறவாழி ஒரு நாள், ஒரே ஒரு நாள், மேடையில் ஏறி, அண்ணன் மிச்சம் வைத்திருந்தார், நான்தான் இழுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. தேர்தல் வருகிற ஒவ்வொரு வருஷமும் தவமணி நினைவு நாளில் படத்துக்கு மாலை போட்டான். அந்தப் படத்தில் தவமணி சிரிக்கமாட்டான். அதுவே பொய். உடையப்பன் அந்த வன்மத்தை வளர்த்தார். வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வைக்கிற மாதிரி, வாடவிடாமல். குளிக்கும்போது மிச்சப் பேச்சைச் சொல்லிப் பார்ப்பார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது நன்றாக ஆகிக்கொண்டே வந்தது. நன்றாக ஆகிக்கொண்டே வந்தது என்றால் என்ன அர்த்தம். இந்த இடத்தில்தான் எப்போதும் கால் தடுக்குகிறது. 'உசுரோட இருக்கிறதுதான்' என்ற வரி எப்போது வந்தது. அது அழகம்மைக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தபோது வந்த வரி. அது தவமணி போய் எத்தனையோ வருஷம் கழித்து. 'உலையை வை' என்பது? அது மழைக்காலத்தில் ஒரு நாள். 'அடப் பைத்தியக்காரா'வாவது அன்றைக்கு இருந்ததா. ஒவ்வொன்றாய் எடுத்துவிட்டுப் பார்த்தால், மைக்குக்கு முன்னால் அன்றைக்கு நின்ற உடையப்பனின் வாயில் என்ன இருந்தது. மூச்சு இருந்தது. மூச்சை இழுத்தது நன்றாக நினைவிருக்கிறது. மூச்சுக்குப் பின்னால் சொல் இருந்ததா. இருந்திருக்கும். இருந்திருக்க வேண்டும். இல்லாமலா மூச்சை இழுப்பார்கள்.

அப்புறம் அழகம்மை. நேற்று அறவாழி போனபிறகு தம்ளரை எடுக்க வந்தவள் சும்மா எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். "என்ன, ரெண்டு பேரும் துண்டு துண்டுன்னு ஏலம் போடுறீங்க. அன்னைக்கு நீங்க துண்டே போட்டுப் போகலையே" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். "காலையில தொவைச்சது காயல. வெளிய கயித்துல கெடந்துச்சு. தூத்தல் விழுகவும் நான்தான் அள்ளிக்கிட்டு வந்தேன். துண்டில்லாம மேடை ஏறினா உரிச்ச கோழியாட்டம் இருக்கும்னு என்னை வஞ்சுட்டுத்தானே போனீங்க." "எவன்கிட்டயாவது இரவல் வாங்கிப் போட்டிருப்பேன்." "போட்டிருப்பீங்க." "இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல?" "நீங்க எங்க கேட்டீங்க. அறவாழி இழுத்தான், அறவாழி இழுத்தான்னு பேசிக்கிட்டே இருந்தீங்க. நீங்க பேசுறப்ப நிறுத்துறதுக்கு நான் என்ன கட்சிக்காரியா?" தம்ளரைக் கழுவப் போய்விட்டாள். அவளுக்கு அது தம்ளர் கழுவுகிற நேரத்துப் பேச்சு. இவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். பாவி, பொய் சொல்கிறாள். அவள் பொய் சொன்னதில்லை. மறந்திருப்பாள். பால்காரனுக்கு எந்த மாசம் எத்தனை நாள் பால் இல்லை என்று சொல்கிறவள் அவள். அப்படியானால் இரவல். யாரிடம் வாங்கினோம். வாங்கினால் திருப்பிக் கொடுத்திருப்போமே, கொடுத்த நினைவில்லையே. துண்டு இல்லாவிட்டால் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பான். சட்டை என்றால் முதுகில் இழுப்பு தெரியும். கழுத்தில்தானே தெரிந்தது. இடது தோளிலிருந்து கழுத்துக்கு. இப்போதும் தெரிகிறதே. இத்தனை வருஷம் எவனை வைதுகொண்டே தூங்கினோமோ அவனுடைய கைக்கும் நம்முடைய தோளுக்கும் நடுவில் ஒரு துணி வேண்டுமே, அந்தத் துணி வீட்டில் அழகம்மை கையில் ஈரமாய் இருந்தது என்றால், இழுத்தது எது.

இழுத்தே என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவன் நிற்க மாட்டான். நிற்காவிட்டால் அவனுக்கு நல்லதுதான், இங்கேயே கிடந்து பெரியவர் மகனோடு மோதி ஒரு நாள் முதலமைச்சராகக்கூட ஆவான். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே ஆவான். தவமணியைப் பாதி அவன் சுமப்பான். இழுக்கல என்று சொன்னால் டெல்லிக்குப் போவான், பெரிய மாமாவாய் மாலை வாங்குவான், எழுதிக் கொடுத்ததை வாசிப்பான், வாய் செத்தவனாய் இருப்பான். ஆனால் கை சுத்தமாகிவிடும். அப்புறம் தவமணி முழுசும் யாருக்கு. முழுசும் இங்கே. இந்தத் தோளில். எதைச் சொன்னால் அவனுக்கு வலிக்கும் என்று பார்த்தால் இரண்டுமே பாதி இனிக்கிறது, பாதி சுடுகிறது. எது நடந்தது என்று பார்த்தால் அங்கே ஒன்றும் தெரியவில்லை, தூறலும் வெடிப்புகையும்தான் தெரிகிறது. இப்படியே அவர் சுற்றிக்கொண்டிருந்தபோது மேடையில் எல்லோரும் எழுந்தார்கள். வெடி வெடிக்கவில்லை. கொட்டு இல்லை. பின்பக்கப் படி வழியாக அறவாழி ஏறிவந்து, எல்லோருக்கும் கைகூப்பிவிட்டு, மேடைக் கோடியில் கிடந்த கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டான். தலைவர் வந்துவிட்டார் என்றால் தன் வேலை முடிந்தது என்று உடையப்பன் ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தார். அப்போது ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அமைச்சர் முன்னிலையில் வெண்கலக்குரல் உடையப்பன் அவர்கள் இப்போது பேசுவார், அமைச்சரின் விருப்பப்படி நேரக் கட்டுப்பாடு கிடையாது. கூட்டத்தில் வயசானவர்கள் நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

மைக் முன்னால் நின்றபோது அது வாய்க்குக் கொஞ்சம் உயரமாக இருந்தது. யாரோ வந்து தாழ்த்திவிட்டுப் போனான். போனவன் மேடையை விட்டே இறங்கிப் போய்விட்டான் என்பதை அவர் பார்த்துக்கொண்டார். பின்னால் யாரும் இல்லை. துண்டு தோளில் இருக்கிறது. இன்றைக்குத் தெரிந்துவிடும். குரல் முதலில் தொண்டையிலேயே உருண்டது, பழம் விற்ற குரல். அப்புறம் எங்கிருந்தோ பழையது ஏறி வந்தது. டீக்கடை ராசு சொன்ன பெரிய மாமா பகடியைச் சொன்னார். கூட்டம் சிரித்தது. சரியான நேரத்துக்குச் சிரித்தது, ஒரு இம்மிகூட முந்தாமல். அந்த முந்தின சிரிப்புக்காகத் தன் காது காத்திருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏற்ற ஆரம்பித்தார். காலில் செருப்பில்லாமல் இந்த மண்ணில் நடந்தவன், நம்மவன், டெல்லிக் கோட்டைக் கதவு அவனுக்குத் திறக்கிறது என்றார். "அந்த நாற்காலியில உக்கார நெடுங்குளத்துல ஒரு ஆம்பளை இல்லையா?" என்றார். இதே வரி வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது என்று வாயிலிருந்து போனபிறகுதான் தெரிந்தது. திடல் எழுந்தது. "இருக்கார்" என்றது. உச்சி. எல்லோரும் பெட்டியில் இருக்கிறார்கள். இறக்க வேண்டும். மூச்சை இழுத்தார். "இதே எடத்துல ஒருத்தன் நின்னான். தவமணின்னு பேரு. பரோட்டா மாஸ்டர். அவன்கிட்ட நான் சொல்ல வந்தது என்னன்னா" என்றார்.

இழுத்தது. இடது தோளில், கழுத்தே பின்னால் போகிற மாதிரி, அதே இழுப்பு. திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. மேடையின் அந்தக் கோடியில் அறவாழி உட்கார்ந்திருந்தான், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிறவன் மாதிரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. துண்டைப் பார்த்தார். போட்டது போட்டபடி கிடந்தது, ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. வெடி இல்லை, கை இல்லை, வந்துட்டாருண்ணே என்று சொல்ல ஆள் இல்லை. நேரக் கட்டுப்பாடும் இல்லை. திடல் முழுக்க அண்ணாந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது சொல்லலாம். குளியலறையில் இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி வழவழப்பான அத்தனை வரியும் நாக்கடியில்தான் இருந்தது. ஒன்றுகூட வரவில்லை. உச்சியில் நிறுத்தத் தெரிந்தவனுக்கு இறக்குகிற நேரத்தில் எவனாவது வந்து இழுத்துக் காப்பாற்றுவான் என்றே பழகிப்போன உடம்பு, இழுக்க ஆளில்லாதபோது தானே இழுத்துக்கொண்டது. அன்றைக்கும் இதுதான். வெடி கேட்டது, உடம்பு உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான். தலைவர் வாழ்க என்று வாய் தானாகச் சொன்னது. கூட்டம் பேச்சு முடிந்தது என்று நினைத்துக் கைதட்டியது. நல்லாப் பேசுறாருப்பா பெரிசு என்று யாரோ சொன்னது மைக்கில்லாமலே கேட்டது.

நாற்காலிக்குப் போகிற வழியில் அறவாழி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை வேர்த்திருந்தது. "அண்ணே" என்றான். அதற்கு மேல் கேட்கவில்லை. இழுத்தே என்ற சொல் உடையப்பன் கடைவாயில் இருந்தது, இத்தனை வருஷம் அடக்கி வைத்துச் சாறு இறங்கிய புகையிலை மாதிரி. துப்பினால் போதும். சொல்லிவிட்டால் அவனையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொள்ளலாம், இந்தக் கிழட்டு வயசில் துணைக்கு ஒரு ஆள். இவனை வையாமல் நாளைக்குக் காலையில் எழுந்து பல் விளக்குவது எப்படி. குளிக்கும்போது யாரிடம் பேசுவது. அவன் கையைப் பார்த்தார். ஒரு காலத்தில் கொடிக்கம்பு பிடித்துக் காய்த்துப்போன கை, இப்போது மெத்தென்று இருந்தது. "உன் கை இல்லப்பா" என்றார். "நீ இழுக்கல. அன்னைக்கு என் தோள்ல துண்டே இல்ல. போ." அறவாழி கண்ணை மூடினான். மூடிய கண்ணோடு அவர் கையை ஒரு முறை அழுத்தினான். பிறகு அதை விட்டுவிட்டு, முதுகு நிமிர, மைக்கைப் பார்த்து நடந்தான். அவன் நடை அந்த நாலு எட்டிலேயே மாறிவிட்டது. போகட்டும். கை சுத்தமானவனுக்கு நடை அப்படித்தான் வரும்.

அவன் பேச ஆரம்பித்தான். அன்பிற்குரிய நெடுங்குளத்துப் பெரியோர்களே என்றான். நிற்கிறேன் என்று சொல்லப் போகிறான், திடல் இரண்டாகப் பிளக்கப் போகிறது. அதைச் சொல்வதற்கு ஒரு இம்மி முன்னால் மூங்கில் பக்கத்திலிருந்து ஹெ என்று அந்த ஒற்றைச் சிரிப்பு கேட்டது. பிறகுதான் மற்ற எல்லோரும் ஆர்ப்பரித்தார்கள். உடையப்பன் பார்த்தார். இந்தத் தடவை பார்க்கக் கூடாது என்றுகூட நினைக்கவில்லை. செல்போன் பெண்பிள்ளைகளுக்கு நடுவில், முழங்கை வரைக்கும் வெள்ளையாய், மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூட்டம் முழுவதும் அமைச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அமைச்சரைப் பார்க்கவில்லை. முகத்தில் கோபம் இல்லை, குறை இல்லை. பேச்சு நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தியவரை, தம்ளரைக் கீழே வைக்கட்டும் என்று காத்திருக்கிறவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மிச்சத்தைச் சொல்லுங்கண்ணே என்கிற முகம். அறவாழி இருந்த வரைக்கும் அந்த முகத்துக்கு முன்னால் அவனை நிறுத்தி மறைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது நடுவில் யாரும் இல்லை. உடையப்பன் தோளிலிருந்து துண்டை எடுத்தார். நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு மடித்து மடியில் வைத்துக்கொண்டார். இனி இழுக்க ஒன்றும் இல்லை. தோள் வெறுந்தோளாய் இருந்தது, காற்றுப் பட்டது. இழுப்பு மட்டும் விடவில்லை.